தில்லிக் குளிரில் விமானி ஜாக்கெட்: புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ தில்லிக்கு வந்து சேரும் நம்மவர்கள் பலரும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒற்றை ஸ்வெட்டரை நம்பித்தான் டிசம்பருக்குள் நுழைவார்கள். அதன் பிறகு கரோல் பாக், ஜன்பத், சரோஜினி நகர் என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் வரிசையாகத் தொங்கும் தோல் ஜாக்கெட்டுகள் கண்ணில் படும். அவற்றில் கணிசமானவை இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் அணிந்ததைப் பார்த்துத் தைத்தவை: இடுப்போடு நின்றுவிடும் நீளம், இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளி நூலில் பின்னிய பட்டை, முன்புறம் ஜிப், மார்புக்குக் கீழே இரண்டு பெரிய பைகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு மாதிரியும் ஒரு குறிப்பிட்ட குளிருக்காக, விமானத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக வெட்டப்பட்டது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தேர்வு எளிதாகும்.

முதலில் குளிரைக் கணக்கிடுங்கள்

தில்லியில் உடம்பை உலுக்கும் குளிர் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முடிவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜனவரி விடியற்காலையில் சராசரியாக 7 அல்லது 8 டிகிரி செல்சியஸ் இருக்கும். குளிரலை வீசும் நாட்களில் 3, 4 டிகிரிக்கும் இறங்கும். பகலில் வெயில் வந்துவிட்டால் 20 டிகிரியை ஒட்டி ஏறிவிடும். மூடுபனி கலையாத நாட்களில்தான் பகலும் நடுக்கும். வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம், நெரிசலான பெட்டி, அங்கிருந்து அலுவலகம் என்று போகிறவர் உண்மையில் குளிரில் நிற்பது சொற்ப நேரம்தான்.

இதோடு அந்த ஜாக்கெட்டுகள் பிறந்த இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தரையில் 15 டிகிரி இருக்கும்போது 25,000 அடி உயரத்தில் ஏறத்தாழ மைனஸ் 35 டிகிரி இருக்கும் என்பது வளிமண்டலக் கணக்கு. அமெரிக்காவின் பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்களில் உட்புறத்துக்குக் காற்றழுத்த ஏற்பாடு கிடையாது. நடுப்பகுதியில் துப்பாக்கி வீரர் நின்ற பக்கச் சாளரங்கள் பல காலம் திறந்தே இருந்தன. மணிக்கணக்காக அந்தக் காற்றில் நின்றவர்களுக்காகத்தான் உள்ளே ரோமம் அடர்ந்த செம்மறித் தோல் ஜாக்கெட் வந்தது. அதை மாட்டிக்கொண்டு ராஜீவ் சௌக் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு ரயில் மாறுவது எப்படியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே அலுவலகம், கல்லூரி, கடைத்தெரு என்ற அளவில் தில்லிக்குள்ளேயே புழங்குகிறவருக்கு ரோமம் இல்லாத தோல் ஜாக்கெட் போதும். இரவுக் காவல் பணி, அதிகாலையில் திறந்தவெளி வேலை, விடியலில் நெடுந்தூரம் ஓட்டும் வழக்கம் உள்ளவர்களும், குளிர்காலத்தில் சிம்லா, மணாலி, லே என்று மலையேறுகிறவர்களும் மட்டுமே செம்மறி ரோம ஜாக்கெட்டை யோசிக்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கடையில் மிகவும் கம்பீரமாகத் தெரிவது ரோமக் காலர் வைத்த கனத்த ஜாக்கெட்தான் என்பதால் அதை வாங்கிவிட்டு, ஆண்டுக்குப் பத்து நாள்கூட அணிய முடியாமல் அலமாரியில் அடைத்து வைக்கிறார்கள்.

மாதிரிகளை அறிந்துகொள்ளுங்கள்

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் 'பாம்பர் ஜாக்கெட்' என்ற ஒரே பெயரில் விற்பார்கள். நமக்கு நான்கு ஐந்து மாதிரிகள் தெரிந்தால் போதும்.

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2தான் இவற்றில் மிகுந்த புகழ் பெற்றது. சட்டைக் காலர் போன்ற தோல் காலர், காலரின் முனைகளை அடியில் பிடித்துவைக்கும் மறைவான பிரஸ் பட்டன், தோள்பட்டி, மூடியுள்ள இரண்டு முன்பைகள், முதுகில் ஒட்டு இல்லாத ஒரே துண்டுத் தோல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் முன்பைகள் மேலிருந்து மட்டுமே திறக்கும். கையைக் கதகதப்பாக நுழைத்துக்கொள்ளப் பக்கவாட்டுத் திறப்பு கிடையாது. பழைய வடிவத்தை அப்படியே பின்பற்றும் பிரதிகளிலும் அது இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தோல் ஜாக்கெட்டுகளுக்கான புதிய ஒப்பந்தங்களை அமெரிக்க ராணுவம் 1943இல் நிறுத்தியது. 1988இல் அமெரிக்க விமானப்படை அதே ஏ-2வை வெள்ளாட்டுத் தோலில் மீண்டும் கொண்டுவந்தது. தில்லிக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதையே நான் சொல்வேன்.

கடற்படை விமானிகளின் ஜாக்கெட் 1940க்கு முன்னரே வேறு எண்களில் இருந்தது. 1947 முதல் அதற்கு ஜி-1 என்று பெயர். வெள்ளாட்டுத் தோல், பழுப்புச் சாயமேற்றிய செம்மறி ரோமக் காலர், முதுகின் இரு ஓரங்களிலும் விரிந்து கொடுக்கும் மடிப்பு ஆகியவை இதன் சிறப்பு. கையை முன்னால் நீட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த மடிப்பு எவ்வளவு வசதி என்பது ஒருமுறை அணிந்து பார்த்தாலே தெரியும். ரோமம் காலரில் மட்டும் இருப்பதால் கழுத்துக்குக் கதகதப்பு கிடைக்கும், உடம்பு வேகாது.

பி-3 என்பது 1934இல் வந்த முழுச் செம்மறித் தோல் ஜாக்கெட். தோலின் உட்புறத்தில் ரோமம். வெளிப்புறத்தில் ஈரம் இறங்காதிருக்கப் பழுப்புப் பூச்சு. கழுத்தில் இரண்டு தோல் வார்கள். பிரிட்டிஷ் விமானப்படையினர் அணிந்தது இர்வின் ஜாக்கெட். தாமே இழுத்து விரித்துக்கொள்ளும் பாராசூட்டோடு 1919இல் விமானத்திலிருந்து குதித்துக் காட்டிய லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர், பின்னர் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் தொழிற்சாலை அமைத்து 1930களின் தொடக்கத்தில் வடிவமைத்தது அது. அகலக் காலர், இடுப்பு பெல்ட், கையுறைக்கு மேல் இறக்கிக்கொள்ள வசதியாக முன்கையில் ஜிப், வெளிப்புறத்தில் பையே இல்லாத அமைப்பு ஆகியவற்றால் அதை அடையாளம் காணலாம். நம் விமானப்படை 1932இல் தொடங்கியபோது கிடைத்த வாபிட்டி விமானத்தில் விமானி அமரும் இடம் திறந்தே இருந்தது; தில்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அந்தக் கால விமானங்களைப் பார்த்தால் இத்தகைய ஆடைக்கு என்ன தேவை இருந்தது என்பது விளங்கிவிடும்.

ஜெட் விமானங்கள் வந்ததும் தோல் ஒதுங்கியது. குறுகலான விமானி அறையில் அது இடத்தை அடைத்தது. தரையில் மழையில் நனைந்தால் உயரத்தில் விறைத்துப்போனது. அதனால் 1950களில் பரவியது நைலானில் தைத்த எம்.ஏ-1. தோல் பொருளை வீட்டுக்குள் ஏற்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ரெக்சினில் போலி ஏ-2 வாங்குவதைவிட அசலான நைலான் எம்.ஏ-1 எல்லா வகையிலும் மேலானது.

தோலைப் பார்த்து வாங்குங்கள்

போர்க்கால ஏ-2 பெரும்பாலும் குதிரைத் தோலில் தைக்கப்பட்டது. அது விறைப்பானது, அணிய அணியத்தான் முழங்கை மடிப்பும் தோள் வளைவும் படியும், நாள்பட்டால் ஒரு மினுமினுப்பு வரும். இந்தியக் கடைகளில் அது அரிது. இங்கே கிடைப்பவை செம்மறி, வெள்ளாடு, எருமை ஆகிய மூன்றும்தான். செம்மறியாட்டின் மெல்லிய நாப்பா தோல் கைக்குக் கன்னம்போல மிருதுவாக இருக்கும்; எடை குறைவு; வாங்கிய அன்றே உடம்போடு ஒட்டிக்கொள்ளும்; ஆனால் ஆணியில் மாட்டினால் கிழியும். வெள்ளாட்டுத் தோலில் நெருக்கமான சிறு புள்ளிகள் தெரியும்; அதே கனத்தில் செம்மறியைவிட உறுதியாக நிற்கும். எருமைத் தோல் தடிப்பும் கனமும் கொண்டது. பைக் ஓட்டுகிறவர்கள் விரும்புவது. விமானி ஜாக்கெட்டுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள வெள்ளாட்டுத் தோலே பொருத்தம் என்பது என் முடிவு.

பதனிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் நெகிழ்வாக இருக்கும், ஓரளவு ஈரத்தைத் தாங்கும். சாயம் உட்புறம் வரை இறங்காத தோலாக இருந்தால் வெட்டு விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் தொடக்கத்தில் சற்று விறைப்பாக இருந்தாலும் அணிய அணிய நிறம் ஆழமாகும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குத் தமிழ்நாடு ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்தது; இன்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் பெரும்பாலும் குரோமிய முறைதான். கரோல் பாக் கடையில் நீங்கள் கையில் எடுக்கும் தோலே அங்கிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

அசலா போலியா என்று காட்டுவதற்கு நடைபாதைக் கடைக்காரர் லைட்டரைக் கொளுத்தி ஜாக்கெட்டின் மேல் ஓடவிடுவார். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும்; அதனால் எதுவும் தெளிவாகாது. நல்ல ரெக்சினும் இரண்டு விநாடிச் சுடரைத் தாங்கும், அசல் தோலின் மேற்பூச்சும் கருகும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பையின் மூடியைத் தூக்கி அதன் உள்விளிம்பைப் பாருங்கள். அசல் தோலின் வெட்டு விளிம்பில் பஞ்சுபோன்ற நார்கள் பின்னிக் கிடக்கும். ரெக்சினில் மேலே பிளாஸ்டிக் படலமும் கீழே நெய்த துணியும் இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரியும். பிறகு தோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அசலில் விரலைச் சுற்றி நுண்சுருக்கங்கள் ஒழுங்கின்றி ஓடும். முதுகு, கை, முன்பக்கம் மூன்றிலும் ஒரே புள்ளி வடிவம் அச்சடித்தாற்போல் திரும்பத் திரும்ப வந்தால் அது எந்திரத்தில் அழுத்திய வடிவம். மணம் மட்டும் சான்றாகாது, அதையும் தெளித்து விற்கிறார்கள். தோல் தூளைப் பசையோடு அரைத்துத் தகடாக்கிய வகையும் உண்டு; அதற்கும் தோலின் மணம் இருக்கும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும்.

செம்மறி ரோம ஜாக்கெட்டைச் சோதிப்பது இன்னும் எளிது. ரோமத்தை இரண்டு கட்டைவிரலால் வகிடெடுத்ததுபோல் பிரித்து அடியைப் பாருங்கள். ரோமம் தோலிலிருந்தே முளைத்திருந்தால் அசல். அடியில் பின்னல் துணி தெரிந்தால் அது பாலியஸ்டர் ரோமத்தைத் தைத்து ஒட்டியது. அசல் வகையில் தனியாக லைனிங் துணி இருக்காது, தோலும் ரோமமும் ஒரே துண்டு. கையில் தூக்கினாலே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும்.

எங்கே வாங்கலாம்

ஜன்பத்திலும் கரோல் பாக்கிலும் தோல் ஜாக்கெட் கடைகள் பல உண்டு. விலை பேசித்தான் வாங்க வேண்டும். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் தங்கியவையும் பழையனவும் கலந்து வரும். பொறுமையாகத் தேடினால் நல்ல தோல் கிடைக்கும், அளவு கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். பனிக்காலத் தொடக்கத்தில் கூட்டம் அதிகம், விலையும் ஏறி நிற்கும். பிப்ரவரி நடுவில் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அப்போது அடுத்த ஆண்டுக்கு வாங்குவது சிக்கனம்.

பழைய வடிவத்தைத் தையல் எண்ணிக்கை வரை அப்படியே உருவாக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன: ஜப்பானில் தி ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்தில் ஈஸ்ட்மன் லெதர், ஸ்காட்லாந்தில் ஏரோ லெதர். அவற்றை வரவழைத்தால் விலையோடு சுங்க வரியும் அனுப்புச் செலவும் சேரும். அளவு தவறினால் திருப்பி அனுப்புவதும் பெரும்பாடு. முதல் ஜாக்கெட்டை அங்கிருந்து வாங்க வேண்டாம் என்பேன். உள்ளூரில் ஒன்றை வாங்கி இரண்டு குளிர்காலம் அணிந்து, எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு வரவழைத்தால் பணம் வீணாகாது. போர்க்காலத்து அசல் ஜாக்கெட்டுகள் சேகரிப்பாளர்களுக்கு உரியவை. அவற்றின் தோல் காய்ந்தும் நூல் இற்றும் போயிருக்கும். அணிந்தால் தோள் தையலில் பிரியும்.

பழைய ஜாக்கெட் வாங்கும்போது நான்கு இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும்: வியர்வை உப்பில் விறைத்த அக்குள், எண்ணெய் ஏறிக் கறுத்த காலர் விளிம்பு, நைந்த மணிக்கட்டுப் பட்டை, ஜிப்பின் அடிமுனை. பட்டை நைந்திருந்தால் மாற்றிவிடலாம், ரன்னர் கெட்டிருந்தாலும் மாற்றிவிடலாம். அக்குளில் தோல் வெடித்திருந்தால் வாங்க வேண்டாம்.

உட்கார்ந்து அளவு பாருங்கள்

கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்த்தால் ஏறத்தாழ எல்லா ஜாக்கெட்டும் பொருந்துவதுபோலவே இருக்கும். கடையில் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, ஜிப்பை முழுதும் மூடிக்கொண்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டுங்கள். முதுகுத் தோல் தோள்பட்டைகளுக்கு நடுவே விறைத்து இழுத்தால் அளவு சிறியது. மணிக்கட்டுப் பட்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் பின்வாங்கினால் கை நீளம் போதாது. உட்காரும்போது முன்பக்கம் மேலே எழும்பித் தாடையில் முட்டினால் உடல் நீளம் அதிகம்.

அளவு எண்ணை நம்புவதைவிட டேப்பை நம்பலாம். ஜாக்கெட்டை மேசையில் விரித்து ஜிப்பை மூடி, ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் மார்புச் சுற்றளவைவிட நான்கு அல்லது ஐந்து அங்குலம் கூடுதலாக இருந்தால் சட்டையும் மெல்லிய ஸ்வெட்டரும் உள்ளே அடங்கும். அதாவது 38 அங்குல மார்புள்ளவருக்கு மேசையில் 21 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். செம்மறி ரோம வகையில் ரோமமே உள்ளிடத்தை எடுத்துக்கொள்வதால் வெளியளவு இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கூட வேண்டும். தோள் தையல், தோளின் எலும்பு முனையில் விழ வேண்டும்; முதுகு நீளத்தைக் காலர் தையலின் கீழிருந்து இடுப்புப் பட்டையின் அடி வரை அளக்க வேண்டும்.

நீளத்தில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். 1940களின் கால்சட்டைகள் தொப்புள் வரை ஏறியவை. ஜாக்கெட்டும் அங்கேயே முடிந்தது. இப்போதைய ஜீன்ஸ் இடுப்பெலும்புக்கு இறங்கிவிட்டதால் நடுவே சட்டை பிதுங்கித் தெரிகிறது. அதைச் சரிக்கட்ட ஓர் எண் பெரிய ஜாக்கெட் வாங்கினால் தோளும் அக்குளும் தொங்கும். சரியான எண்ணை வாங்கி, சற்று மேலேறிய கால்சட்டையும் உள்ளே செருகிய சட்டையுமாக அணிவதே வழி. தொப்பை உள்ளவர்கள் இடுப்புப் பட்டையை மார்பளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டை இறுக்கமாக இருந்தால் ஜாக்கெட் முழுவதும் மேலேறி மார்பில் பந்தாகத் திரண்டு நிற்கும்.

பெண்களுக்கும் இந்த மாதிரிகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் 1943, 1944 ஆண்டுகளில் ராணுவ விமானங்களை ஓட்டிய வாஸ்ப் (WASP) என்ற அமைப்பின் பெண் விமானிகளும் ஏ-2 அணிந்தார்கள். ஆண்களுக்கான வெட்டில் தோள் அகலமாகவும் இடுப்புப் பட்டை குறுகலாகவும் இருப்பதால், பெண்கள் அளவில் வெட்டியதைத் தேடுவது நல்லது. நீளமான குர்த்தா மேல் அணிந்தால் இடுப்புப் பட்டைக்கு அடியில் துணி சுருண்டு பாவாடைபோல் விரியும். அப்போது ஜிப்பைத் திறந்துவிடுவதே அழகு. புடவை மேல் அணிவோர் பட்டையில்லாத, நேராக முடியும் வகையைப் பார்க்கலாம்.

வாங்கும் முன் ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: தோலில் ஊசி போட்ட துளை போகாது. துணிபோலப் பிரித்துத் தைத்தால் பழைய தையலின் துளைவரிசை அப்படியே தெரியும். ஆகவே 'பிடித்துக் கொடுத்துவிடுகிறேன், விட்டுக் கொடுத்துவிடுகிறேன்' என்று கடைக்காரர் சொல்வதில் பிடிப்பது மட்டும் ஓரளவு நடக்கும். விடுவது நடக்கவே நடக்காது. பின்னல் பட்டையைக் கழற்றிக் கை நீளத்தைக் குறைப்பது தோல் தைக்கத் தெரிந்த தையற்காரருக்கு எளிய வேலை.

அணியும் முறை

தில்லியில் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். பருத்தி பனியன், முழுக்கைச் சட்டை, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட் என்று அணிந்தால் மெட்ரோவில் ஜாக்கெட்டை மட்டும் கழற்றிக் கையில் மடித்துக்கொள்ளலாம். தலைமூடி வைத்த தடித்த ஹூடியை ஏ-2வுக்குள் திணித்தால் கழுத்தில் துணி திரளும், அக்குள் தையலும் இழுபடும். தோல் காற்றைத் தடுக்கும், ஆனால் கதகதப்பைத் தருவது உள்ளே உள்ள கம்பளிதான். எனவே மேலும் குளிர்ந்தால் ஸ்வெட்டரை மாற்றிக்கொள்ளலாம், ஜாக்கெட்டை மாற்ற வேண்டாம்.

கழுத்துக்கு ஒரு மஃப்ளர் தேவை. போர் விமானிகள் பட்டுத் துணி கட்டியது அலங்காரத்துக்காக இல்லை. எதிரி விமானத்தைத் தேடிக் கழுத்தை ஓயாமல் திருப்பியதில் காலர் உரசிப் புண்ணாகாமல் காக்கத்தான். தில்லித் தமிழ் மாமாக்களின் குரங்குக் குல்லாவை இந்த ஜாக்கெட்டோடு சேர்ப்பதா என்பதை அவரவர் மனத்துணிவுக்கு விட்டுவிடுகிறேன். காது காப்பதில் அதற்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.

ஜிப்பை நின்றபடி மூட வேண்டும். அடிமுனை முழுவதும் அமர்ந்ததா என்று பார்த்து, ஒரு கையால் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நேராக இழுக்க வேண்டும். உட்கார்ந்தபடியோ ஒரு கையாலோ இழுத்தால் உலோகப் பற்கள் ஓரத் தோலில் சாய்ந்து தையலைக் கிழிக்கும். ரோம வகையில் ரோமமும் சிக்கும். உட்கார்ந்த பிறகு அடியிலிருந்து திறக்கும் ஜிப்பாக இருந்தால் இரண்டு அங்குலம் திறந்துவிடலாம்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விமானி ஜாக்கெட்டில் முழங்கைக்கும் தோளுக்கும் காப்பு அட்டை கிடையாது. நாப்பா தோல் தார்ச்சாலையில் உராய்ந்தால் நொடியில் கிழிந்துவிடும். குளிர் காற்றுக்கு அது போதும், விபத்துக்குப் போதாது. அதற்கான காப்புள்ள ஜாக்கெட் கரோல் பாக் பைக் சந்தையில் தனியாகக் கிடைக்கிறது.

பழைய படையணிச் சின்னங்களைத் தைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு. சீனா–பர்மா–இந்தியாப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க விமானிகள் பலரின் தோல் சின்னங்கள் இந்தியக் கைவினைஞர்களே வெட்டி ஒட்டித் தந்தவை; அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டி குன்மிங் போன விமானங்களின் ஆட்களிடம் அவை இருந்தன. அத்தகைய வரலாற்றுப் பிரதிகளை அணியலாம். நம் படைகளின் இன்றைய பதவிச் சின்னத்தையோ விமானி இறக்கையையோ அணியக் கூடாது. படைவீரர் என்று பிறர் நம்பும்படி அத்தகைய அடையாளம் தரிப்பது சட்டப்படி குற்றம். காவல் மிகுந்த தலைநகரில் அது வீண் வம்பு.

சென்னைக்கு விடுமுறையில் போகும்போது ஜாக்கெட்டை எடுத்துப் போகாதீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரைத் தாண்டும்போதே அது சுமையாகிவிடும். கடற்கரை ஈரத்தில் தோலுக்கும் நல்லதில்லை.

பராமரிப்பு

அன்றாடம் செய்ய வேண்டியது சொற்பம். தில்லியின் நவம்பர் தூசி தோலின் நுண்துளைகளில் படிந்து மடிப்புகளில் அரம்போல் தேய்க்கும்; வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து, அகலத் தோளுள்ள மர ஹேங்கரில் மாட்ட வேண்டும். கம்பி ஹேங்கரிலும் ஆணியிலும் மாட்டினால் தோளில் கூர் விழும். ரோமம் தந்தூர்ப் புகையையும் பக்கோடா எண்ணெய் வாடையையும் பிடித்துக்கொள்ளும். நிழலில் காற்றாட விட்டாலே போய்விடும்.

ஜனவரி மழையில் நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி, அறை வெப்பத்திலேயே உலரவிடுங்கள். தில்லி வீடுகளில் எரியும் ரூம் ஹீட்டருக்கு அருகே வைப்பதுதான் நனைந்த தோலைக் கெடுக்கும் நிச்சயமான வழி: ஒரே இரவில் தோல் சுருங்கி விறைக்கும், பிறகு எந்த க்ரீமும் அதை மீட்காது. வெயிலும் ஹேர் டிரையரும் அப்படியே. உலர்ந்தபின் நிறமற்ற தோல் க்ரீமைக் கடுகளவு எடுத்து, முதலில் காலரின் அடியில் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிற இடங்களில் தடவலாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும். கூடுதலாகப் பூசினால் தோல் தொய்ந்துவிடும்.

நம் வீடுகளில் எதற்கும் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. இதற்கு மட்டும் வேண்டாம். தில்லிக் குளிரில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் இறங்கியதும் அதே வேலையைத்தான் செய்யும். திட்டுத்திட்டாகக் கறுப்பும் மேலே வெளிர்ப் படலமும் விழும், கோடையில் சிக்கு வாடை கிளம்பும். வாஷிங் மெஷின், இஸ்திரி, தெருமுனை டிரைகிளீனிங் மூன்றுமே ஆகாது; தோலைச் சுத்தம் செய்யத் தெரிந்த கடை என்று விசாரித்து உறுதி செய்த பிறகே கொடுங்கள். மணிக்கட்டுப் பட்டையை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் எடுத்து வைக்கும்போது பைகளைக் காலி செய்து, ஜிப்பை மூடி, பழைய வேட்டியில் தைத்த உறை ஒன்றைப் போட்டு மாட்டுங்கள். கடையில் தந்த பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். ரோம வகையானால் கம்பளியை அரிக்கும் பூச்சிக்காக நாஃப்தலின் உருண்டைகளைத் துணியில் முடிந்து, தோலில் படாமல் ஹேங்கர் கழுத்தில் கட்டுங்கள். ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறையிலிருந்து எடுத்து மின்விசிறிக் காற்றில் ஒரு மாலை மாட்டி வைக்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தென்பட்டால் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, பிழிந்த ஈரத் துணியால் மீண்டும் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். அலமாரியின் உட்புறத்தையும் அதே நாளில் துடைக்க வேண்டும். பூஞ்சை இருக்கும்போது க்ரீம் தடவக் கூடாது. இரண்டு மூன்று நாள் காத்திருந்து அது திரும்ப வரவில்லை என்று பார்த்த பிறகே மெல்லிய பூச்சு போடலாம்.